ஏழே முக்கால் மணிக் கூட்டம்

எனக்கு முன்கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் அது செல்லுபடியாகாது. மனைவியின் கோபம் என்னுடையதைவிட ஒரு சுற்றுப் பெரியது. அதனால் முப்பத்தோரு வருடமும் என் கோபத்தை அலுவலகத்தில்தான் இறக்கி வைத்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே ஒரு தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். எல்லோருக்கும் சூப்ரண்டு சார். ஊசி மருந்தைத் தவிர மற்றதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை மெமோ எழுதுவது. ஊழியர் யாராவது தவறு செய்தால் விளக்கம் கேட்டுக் கொடுக்கும் தாள் அது. ‘தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது’ என்று ஒரு வரி அதில் கட்டாயம் வரும். அந்த வரிக்கு முன்னால் எந்தச் சொல்லை எங்கே வைத்தால் ஆள் ஆடிப்போவார் என்பதில் நான் கெட்டிக்காரன். ஒருமுறை மருந்தாளுநர் என் மெமோவை வாங்கிப் படித்துவிட்டு, "சாரே, குத்தம் ஒண்ணும் செய்யாத எனக்கே நான்தான் செஞ்சேன்னு தோணுது, கேட்டியளா" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல் ஊரில் பிறந்தவன். தினமும் இரண்டு பஸ் மாறி மேற்கே வருவேன். என் பேச்சைக் கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு, அவர்கள் பேச்சின் ராகம் எனக்குச் சிரிப்பு. ஆனால் என் முன்னால் யாரும் சிரித்ததில்லை.

ஓய்வு பெற ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தபோது புதிய தலைமை மருத்துவர் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண்மணி. குளச்சல்காரர். அப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர் என்று கேட்பதற்கு முன்னாலேயே தானாகச் சொல்லிவிடுவார். அவர் வந்த மூன்றாம் மாதம், தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு மருத்துவரும் ஒரு நிர்வாக ஊழியரும் சேர்ந்து ஐந்து நாள் மதுரைக்குப் போக வேண்டும். ஓய்வு பெறப் போகிறவனுக்கு இனி எதற்குத் தலைமைப் பண்பு? இளநிலை உதவியாளரை அனுப்பலாம் என்று கோப்பில் குறிப்பெழுதி வைத்தேன். மருத்துவர் அதைப் படித்துவிட்டு, "நீங்க இல்லாம நான் மட்டும் போனா பாதி ஆஸ்பத்திரிதானே சார் போகும்?" என்றார். மறுத்துப் பேச வழியில்லாமல் பெட்டியைக் கட்டினேன்.

முதல் நாள் பலூன் ஊதச் சொன்னார்கள். ஊதிய பலூனைக் கீழே விழாமல் ஆறு பேர் சேர்ந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரசாங்கச் செலவில் இந்த வயதில் பலூன் தட்டுகிறோமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் நாள் ஒரு தாளைக் கொடுத்து, உங்களோடு வந்திருப்பவர் போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன வேலை பார்த்தார் என்று எழுதுங்கள் என்றார்கள். வெளிநோயாளிகள், வார்டு சுற்று, அறுவைச் சிகிச்சை, கையெழுத்து என்று நாலு வரி எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். மருத்துவர் வெகுநேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "மூணு மாசமா இவரு கொண்டுவாற கோப்புல எல்லாம் கையெழுத்துப் போடுகேன். இவரு என்ன வேலை செய்றாருன்னு ஒருநாளும் கேக்கல்ல. அது என் தப்பு."

அந்த அறையில் ஏழெட்டு மாவட்டத்துத் தலைமை மருத்துவர்கள் இருந்தார்கள். குமாஸ்தாவின் எதிரே ‘என் தப்பு’ என்று ஒரு டாக்டர் சொல்லி என் சர்வீஸில் நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, என்னை இத்தனை பேருக்கு நடுவில் காட்டிக் கொடுத்துவிட்டாரே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் ஆள் நான்.

ஊர் திரும்பியதும் அது பேச்சோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு மருத்துவர் என் அறைக்கு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு வாரம் தினமும் வந்தார். ஒரு சக்கர நாற்காலியின் டயரை மாற்ற எத்தனை கையெழுத்து வேண்டும், ஏன் வேண்டும், யாரிடம் அது தூங்குகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டார். பதிலுக்கு நான் புதன்கிழமைதோறும் அவரோடு வார்டு சுற்றுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் புதன்கிழமை நான் நோயாளி ஒருவரையும் பார்க்கவில்லை. ஒழுகும் குழாயையும் கழன்ற ஜன்னல் கொக்கியையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் புதன்கிழமை ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீரு எதுக்குள்ள டாக்டர்?" என்று கேட்டார். கடதாசிக்குள்ள டாக்டர் என்றேன். "அப்பம் எனக்க கடதாசியை முடிச்சு வீட்டுக்கு விடும் வேய், ரெண்டு நாளாச்சு" என்றார். திரும்பி வந்து பார்த்தால், அவருடைய காப்பீட்டுப் படிவம் என் மேசையில், என் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடந்தது. அன்றைக்கு மட்டும் யாருக்கும் மெமோ எழுதவில்லை. எழுதினால் எனக்கே எழுத வேண்டும்.

அதற்குப் பிறகு மருத்துவர் ஆரம்பித்ததுதான் காலைக் கூட்டம். காலை ஏழே முக்காலுக்கு, வெளிநோயாளிகள் சீட்டு கொடுப்பதற்கு முன்னால், பெண்கள் வார்டுக்கு வெளியே உள்ள நடைபாதையில் பத்து நிமிடம். டாக்டர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர், ஆய்வக ஊழியர், தூய்மைப் பணியாளர்கள், நான் எல்லோரும் நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது. வாரத்துக்கு ஒருவர் கூட்டத்தை நடத்த வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று: நேற்று எது தப்பாகப் போகப் பார்த்தது? "இங்க சொன்னதுக்கு மெமோ கிடையாது" என்று அவர் சொன்னபோது எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது.

ஒன்பது நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் நல்லபடியா நடந்தது மேடம், நல்லபடியா நடந்தது மேடம் என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள். எனக்கு உள்ளுக்குள் திருப்தி. பத்தாம் நாள் மருத்துவரே பேசினார். முந்தின நாள் ஒரு குழந்தைக்கு மருந்து எழுதும்போது அளவில் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டார். பத்து மடங்கு ஆகியிருக்கும். மருந்தாளுநர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். "இவரு பாக்கலேன்னா அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிருக்கும்னு நேத்து எனக்குச் சோறு இறங்கல்ல" என்றார். மருத்துவரைவிட மருந்தாளுநருக்குத்தான் அதிகமாக வியர்த்தது. ஆனால் அன்றிலிருந்து பேச்சு கசிய ஆரம்பித்தது. காலாவதி ஆகப்போகும் ஊசி மருந்து, பெயர் ஒட்டாமல் வந்த ரத்தக் குப்பி என்று ஒன்றிரண்டாக வந்தன.

ஒரு வியாழக்கிழமை காலை, பெண்கள் வார்டின் தொகுப்பூதியச் செவிலியர் கையைத் தூக்கினார். தொகுப்பூதியம் என்றால் நிரந்தர வேலை இல்லை. ஏழு வருடமாக, பத்மநாபபுரம் தாண்டி ஓர் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் அப்போதுதான் மாவட்ட அலுவலகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. பெயரில் ஒரு புகார் இருந்தால் போதும், பட்டியலில் இடம் கிடையாது. இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"நேத்து சாயங்காலம் ஆள் மாறி ரத்தம் ஏத்தப் பாத்தேன்," என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்ப் பெயர்தான். குழித்துறைக்காரிக்கு ஊசி போட்டாச்சா, தக்கலைக்காரிக்குக் கஞ்சி வந்துதா என்றுதான் பேச்சு. பாசமாகச் சொல்வதுதான் அது, நோயாளிகளுக்கும் பிடிக்கும். கட்டில் நம்பரை நம்ப முடியாது. பெண்கள் தங்களுக்குள்ளேயே மாறிப் படுத்துக்கொள்வார்கள், பிள்ளை பெற்றவளுக்குச் சுவரோரம், வெக்கை தாங்காதவளுக்குக் காற்றாடிக்குக் கீழே என்று. அந்தப் புதன்கிழமை வார்டில் குளச்சல்காரிகள் இரண்டு பேர். ஒருத்தி பிரசவத்தில் ரத்தம் குறைந்தவள், அவளுக்குத்தான் ரத்தம். இன்னொருத்தி கர்ப்பப்பைக் கட்டிக்காக வந்தவள். காலைச் சுற்றில் மருத்துவர், "எங்க ஊர்க்காரிக்கு ரத்தம் வந்ததும் ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாலையில் ரத்தப் பை வந்தது. செவிலியர் வார்டு வாசல் பலகையில் முதலில் கண்ணில் பட்ட ‘குளச்சல்’ என்ற வரியைப் பார்த்து அந்தக் கட்டிலுக்குப் போய், பையைத் தொங்கவிட்டுக் குழாயையும் மாட்டிவிட்டார். திறப்பதற்கு முன்னால் பையில் உள்ள பெயரைப் படித்துக் கேட்டார்.

"அது நான் இல்ல ஆக்கும் மோளே," என்றாள் கட்டிக்காக வந்தவள்.

ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. செவிலியர் எல்லாவற்றையும் கழற்றி, சரியான ஆளைத் தேடிப் போய், இன்னொரு செவிலியரைப் பக்கத்தில் நிறுத்தி மறுபடி சரிபார்த்து ஏற்றினார். முதலில் மாட்டியதை ஊழியர் யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவ்வளவையும் எங்கள் முன்னால் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரே என் அறைக்குப் போய் மெமோ எழுதினேன். கை தானாக எழுதியது. ‘கடமையில் மிகுந்த கவனக்குறைவாகவும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையிலும்’ என்று அழகாக வந்தது. மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இதைக் கொடுத்தா நாளைக்கு யாராவது பேசுவாங்களா என்று கேட்டார். பேசாவிட்டால் என்ன, ஆஸ்பத்திரி முப்பது வருடமாகப் பேசாமல்தான் நடக்கிறது என்று நான் குரலை உயர்த்தினேன். ரத்த விஷயம் மேடம், விளையாட்டா என்று மேசையைத் தட்டினேன்.

அவர் குரல் உயரவில்லை. "விளையாட்டு இல்ல சார். அதனாலதான் கேக்கேன். இத நீங்களே வச்சுக்கிடுங்க. கொடுக்கணும்னு தோணினா கொடுங்க, நான் தடுக்கல்ல."

கிழித்துப் போட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வாரம் புகார் வந்தது. கட்டிக்காக வந்தவளின் அண்ணன் விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வந்திருந்தார். தங்கச்சி சொன்னதைக் கேட்டுக் கொதித்துப்போய், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். மறுநாள் மாவட்ட மருத்துவ அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தவறுக்குப் பொறுப்பான பணியாளரின் பெயரும் பதவியும் குறிப்பிட்டு அன்று மாலைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். பெயருக்கு ஒரு கட்டம் போட்டே அனுப்பியிருந்தார்கள்.

மருத்துவர் அன்று ஒரு வழக்கில் சாட்சி சொல்லக் குழித்துறை நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். போனில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நீங்களே எழுதுங்க சார். நாலு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுகேன்" என்றார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நடந்தத எழுதுங்க," என்று வைத்துவிட்டார்.

அந்தச் செவிலியர் அன்று பகல் பணியில் இருந்தார். கடிதம் வந்த செய்தி அதற்குள் வார்டுக்குப் போய்விட்டது. மதியம் என் அறை வாசலில் வந்து நின்றார். கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சாரே, எனக்க பேரு எழுதுங்க. குழாய மாட்டினது நான்தானே," என்றார். "ஆனா ஒண்ணு மட்டும் சேத்து எழுதணும். பலகையில அவியளுக்க பேரு இல்ல. பேரு இருந்தா இது நடக்காது. எனக்கப் பொறவு வாற பிள்ளைக்கும் இது நடக்கப்பிடாது."

சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். ஏழு வருட வேலை கைவிட்டுப் போகும் நேரத்தில், தனக்குப் பின்னால் வரப் போகிற பெண்ணைப் பற்றி யோசிக்கிறாரே என்று நினைத்தபடி கடிதத்தை மறுபடி எடுத்தேன்.

பலகையில் ஏன் பெயர் இல்லை? தேட வேண்டிய அவசியமே இல்லை. எனக்குத் தெரியும். இருந்தாலும் பழைய உத்தரவுக் கோப்பை எடுத்துப் புரட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் சம்பந்தம் பேச வந்த வீட்டார், வார்டுப் பலகையில் ஒரு பெண்ணின் பெயரையும் நோயையும் படித்துவிட்டுச் சம்பந்தத்தை முறித்துவிட்டார்கள். அவளுடைய அப்பா என் அறையில் வந்து அழுதார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே ஓர் உத்தரவு தயாரித்தேன்: இனிப் பலகையில் பெயரும் நோயும் கூடாது, கட்டில் எண்ணும் ஊரும் மட்டும் போதும். அப்போதிருந்த தலைமை மருத்துவரிடம் முப்பது கோப்புகளுக்கு நடுவில் வைத்துக் கையெழுத்து வாங்கினேன். செவிலியர் ஒருவரிடம்கூட யோசனை கேட்கவில்லை. வார்டுக்குள் காலெடுத்து வைக்காதவன் வார்டுப் பலகைக்கு உத்தரவு போட்டிருக்கிறேன்.

ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அரசு வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஓய்வு பெறும் நேரத்தில் பெயரில் ஒரு நடவடிக்கை நிலுவையில் இருந்தால், வழியனுப்பும் பூமாலையும் கிடையாது, பென்ஷன் தாளும் நகராது. அப்படி நடையாய் நடந்தவர்களை எனக்குத் தெரியும்; இரண்டு பேருடைய மெமோவை எழுதியதே நான்தான். பயந்தேன். மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது. செவிலியரே தன் பெயரை எழுதச் சொல்லிவிட்டாரே, எழுதிவிட்டு, பலகையைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் போயிற்று என்று மனம் சமாதானம் சொன்னது. அரை மணி நேரம் அந்தச் சமாதானத்தோடு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகவும் இருந்தது.

பிறகு இழுப்பறையைத் திறந்து அந்த மெமோவை எடுத்துப் படித்தேன். ‘மிகுந்த கவனக்குறைவாகவும்.’ அதில் அந்தச் செவிலியரின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுப் படித்தால் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அறிக்கையை எழுதினேன். அந்த உத்தரவு எப்படி வந்தது, ஊர்ப் பெயர் வழக்கம் என்ன, கட்டில் எப்படி மாறுகிறது, கடைசி நிமிடத்தில் பெயர் கேட்டு ஆபத்தைத் தடுத்தது யார், அதைத் தானாக முன்வந்து சொன்னது யார் என்று எல்லாவற்றையும் எழுதினேன். பெயருக்கான கட்டத்தில் என் பெயரையும் பதவியையும் நிரப்பினேன். பழைய உத்தரவின் நகலையும் பின்னால் வைத்துத் தைத்தேன். என் சர்வீஸில் அழகு பார்க்காமல் எழுதிய ஒரே தாள் அதுதான்.

நாலு மணிக்கு மருத்துவர் வந்தார். நின்றபடியே படித்தார். பேனாவைத் திறந்து, என் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினார். பக்கத்தில், ‘வார்டுச் சுற்றில் நோயாளியின் பெயரைச் சொல்லாமல் ஊரைச் சொல்லி உத்தரவிட்டேன்’ என்று தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் எழுதினதுல கை வைக்காதீங்க மேடம். ஒருத்தர் பேர்தான் கேட்டிருக்கான்."

"நடந்தது ரெண்டு பேராலயும்தானே சார்," என்றார். கையெழுத்துப் போட்டு உறையையும் அவரே ஒட்டினார். இந்தச் சின்ன வயதில் இந்தத் தைரியம் இவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அடுத்த புதன்கிழமை கட்டிக்காக வந்தவளின் அண்ணனை மருத்துவர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி, நடந்ததை நேருக்கு நேர் சொன்னார். வார்டு வாசலில் இருந்த பலகையைப் பார்வையாளர் கண்ணில் படாமல் உள்பக்கம் மாற்றி, பெயர் எழுத ஏற்பாடு செய்தோம். நோயாளிகளின் கையில் பெயர்ப் பட்டையும் கட்டினோம். எந்த இடம், எந்த அளவு எழுத்து என்பதையெல்லாம் செவிலியர்கள் முடிவு செய்தார்கள். நான் வாயைத் திறக்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. மருத்துவருக்கும் எனக்கும் ஆளுக்கொரு மெமோ. எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தி விஷயத்தை முடித்திருந்தார்கள். அதே வாரம் நிரந்தரப் பட்டியலும் வந்தது. அந்தச் செவிலியரின் பெயர் அதில் இருந்தது. ஆய்வகத்து ஆள் ஓடிப்போய்ச் செய்தி சொல்ல, அவர் மருந்துத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு வார்டு நடுவில் நின்று அழுதார். பக்கத்துக் கட்டிலிலிருந்த ஒருத்தி, யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து அவளும் சேர்ந்து அழுதாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தை நடத்தும் முறை அந்தச் செவிலியருடையது. நேற்று எது தப்பாகப் போகப் பார்த்தது என்று அவர் கேட்டதும் நான் கையைத் தூக்கினேன். எனக்கு வந்த மெமோவை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். என் உத்தரவால்தான் இத்தனையும் வந்தது, உங்களிடம் கேட்காமல் போட்ட உத்தரவு, என் தப்பு என்றேன். சொல்லும்போது முகம் சுட்டது. சொல்லி முடித்ததும் முதுகிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

பின்வரிசையில் துடைப்பத்தோடு நின்ற தூய்மைப் பணியாளர் அம்மாள் மெல்ல முன்னால் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கூட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசினதில்லை. ரவிக்கைக்குள் கையை விட்டு, கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றை வெளியே இழுத்தார். அதில் ஒரு சாவி தொங்கியது.

"சாரே, இது பின்வாசல் கேட்டுக்க சாவி ஆக்கும்," என்றார்.

பின்வாசல் கேட்டுக்கு உள்ளே சரிவுப் பாதை. அதில் தள்ளுவண்டி நேரே பிரசவ வார்டுக்குப் போகும். நாயும் வேண்டாத ஆட்களும் வருகிறார்கள் என்று, மாலை ஐந்து மணிக்கு அந்தக் கேட்டைப் பூட்டிச் சாவியை என் அறையில் மாட்ட வேண்டும் என்பது நான் போட்ட உத்தரவு. என் அறையை நான் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

"மூணு வருசத்துக்கு முன்ன சாயங்காலம் பிரசவ வலியோட ஒரு பொண்ணு வந்துது. கேட்டு பூட்டிக் கெடக்கு. சுத்தி முன்வாசலுக்குக் கொண்டு போவதுக்குள்ள அந்தப் படியில வச்சே பிள்ளைக்கத் தல வெளிய வந்தாச்சு. நான்தான் சேலையில ஏந்தினேன். அதுக்குப் பொறவு ஒருநாள் உங்க சாவிய எடுத்துட்டுப் போய் கள்ளச்சாவி வெட்டினேன். வாற பிள்ளையளுக்கு எல்லாம் தொறந்து விடுகேன். உங்களுக்குத் தெரிஞ்சா எனக்க வேல போவும்னு இத கழுத்திலயே போட்டுட்டு நடக்கேன். குளிக்கும்பளும் கழத்தினதில்ல."

நான் சுற்றிலும் பார்த்தேன். செவிலியர்கள் தரையைப் பார்த்தார்கள். மருந்தாளுநர் தரையைப் பார்த்தார். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கயிற்றைத் தலைவழியே கழற்றி என் முன்னால் நீட்டினார். "இனி இத எங்க வைக்கட்டும், சாரே?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மருத்துவரைப் பார்த்தேன், அவர் எனக்காகப் பேசவில்லை, சும்மா நின்றார்.

"எங்க வைக்கணும்னு நீங்க சொல்லுங்க," என்றேன். அத்தனை வருடத்தில் அந்த அம்மாளை நான் ‘நீங்க’ என்றது அன்றுதான்.

அவர் யோசித்தார். "பிரசவ வார்டுச் சுவருல ஒரு ஆணி அடிச்சா மதி சாரே, அது போதும். உயரமா வேண்டாம். எல்லாருக்கும் எட்டணும்."

அன்று ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு, அவர் கை வைத்துக் காட்டிய இடத்தில் நானே ஆணியை அடித்தேன்.